ஆளைப் பார்த்து நோட்ஸ் எடுங்கள்

கொல்லிமலையில் குண்டனி நாட்டில் குடியிருக்கும் என்னைத் தேடி, 70 கொண்டை ஊசி வளைவையும் ஏறிக்கொண்டு, டிரம்பெட் பெட்டியும் கையுமாகப் பிள்ளைகள் வருகிறார்கள். ராசிபுரம், நாமக்கல், சேலம் பக்கம் பேண்டு செட்டில் கல்யாண ஊர்வலத்துக்கும் தேர்த்திருவிழாவுக்கும் வாசிக்கிறவர்கள் பலர். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர்கள் சிலர். ஜாஸ் பேண்டு ஒன்று தொடங்க வேண்டும் என்கிறார்கள். வந்து உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்வி: "ஐயா, எந்தப் பீஸை எடுக்கலாம்?"

தம்பிகளே, தங்கச்சிகளே, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே வரிசைப்படுத்தி எழுதிவைக்கிறேன். ப்ளூஸ், ஸ்விங் இரண்டையும் பற்றி மட்டும்தான் பேசப்போகிறேன். அந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால் ஜாஸில் மற்றதெல்லாம் உங்களோடு பேசத் தொடங்கும்.

1. நோட்ஸ் தேடுவதற்கு முன்னால் ஆளை எண்ணுங்கள்.

பிக் பேண்டு என்று கடையில் விற்கிற அரேஞ்ச்மென்ட் பெரும்பாலும் 17 பேருக்கு எழுதியது. சாக்ஸபோன் 5, டிரம்பெட் 4, டிராம்போன் 4, அதோடு பியானோ, கிதார், பேஸ், டிரம்ஸ். உங்களிடம் இருப்பது இரண்டு டிரம்பெட், ஒரு கிளாரிநெட், ஒரு ஆல்டோ சாக்ஸ், ஒரு யூஃபோனியம். அந்த 17 பேர் நோட்ஸை வாங்கி, கிடைத்த பார்ட்டைக் கிடைத்தவர் வாசித்தால் என்ன ஆகும்? கார்டின் மூன்றாம் சுரமும் ஏழாம் சுரமும்தான் அது ப்ளூஸா, சோகப்பாட்டா என்று தீர்மானிக்கின்றன. அந்த இரண்டும் பெரும்பாலும் இரண்டாம் டிராம்போனிலோ, நான்காம் சாக்ஸிலோ போய் உட்கார்ந்திருக்கும். அந்த நாற்காலி உங்களிடம் காலி. மேலே மெலடி கேட்கும், கீழே பேஸ் கேட்கும், நடுவில் ஒன்றும் இருக்காது.

ஆகவே நான்கு முதல் ஆறு பார்ட்டுக்குள், எந்த வாத்தியம் எந்தப் பார்ட்டை எடுத்தாலும் கார்டு முழுமையாக ஒலிக்கும்படி எழுதிய சின்ன பேண்டு அரேஞ்ச்மென்ட்டைத் தேடுங்கள். அப்படி எழுதப்பட்டவை நிறையவே உண்டு. கிளாரிநெட்டும் டிரம்பெட்டும் இரண்டுமே பி ஃப்ளாட் வாத்தியம் என்பதால் ஒருவர் நோட்ஸை மற்றவர் அப்படியே வாசிக்கலாம். யூஃபோனியம் வாசிக்கிற தம்பிக்கு பேஸ் கிளெஃப் படிக்கத் தெரிந்தால் டிராம்போன் பார்ட்டை அவரிடம் கொடுத்துவிடலாம். தெரியாவிட்டால் ஒரு சாயங்காலம் உட்கார்ந்து டிரெபிள் கிளெஃபில் மாற்றி எழுதிக் கொடுங்கள்.

2. முதல் டிரம்பெட் பார்ட்டைத் தனியாக எடுத்து, பென்சிலோடு உட்காருங்கள்.

ஸ்கோரில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இருப்பதிலேயே உயரமான சுரம் எது என்று வட்டம் போடுங்கள். ஐந்தாம் கோட்டின் மேல் உட்கார்ந்த எஃப், அதற்கு மேலே ஜி வரை இருந்தால் சரி. அதற்கு மேலே போனால் வேண்டாம். அடுத்து, அந்த வட்டங்கள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பாருங்கள். முதல் பக்கத்தில் ஒரு ஜி இருப்பது வேறு, கடைசிப் பக்கத்தில் உதடு களைத்த பிறகு அதே ஜி எட்டுத் தடவை வருவது வேறு. மூன்றாவதாக, மௌனமாக இருக்கும் பார்களை எண்ணுங்கள். வாசித்த பிறகு உதட்டுக்கு ஓய்வு தரத் தெரிந்தவர் எழுதிய அரேஞ்ச்மென்ட் அதில் தெரிந்துவிடும்.

சாமி நெஸ்டிகோவின் எழுத்தை இதற்காகவே நான் மதிக்கிறேன். அமெரிக்க விமானப் படை பேண்டுக்கும் கவுண்ட் பேஸி பேண்டுக்கும் எழுதியவர், 2021-இல் மறைந்தார். பெரிய பேண்டுக்கு எழுதிய அதே கை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் நூற்றுக்கணக்கில் எழுதியது. எளிதாக எழுதும்போதும் அவர் இசையைக் குறைத்துக் கொடுத்ததில்லை. அவர் பெயர் போட்ட இரண்டாம், மூன்றாம் கிரேடு நோட்ஸ் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள்.

கிரேடு என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரு பதிப்பகத்தின் இரண்டு இன்னொன்றின் மூன்று. பென்சில் வட்டம் சொல்வதுதான் கணக்கு.

3. சுருதியைப் பேண்டுக்கு ஏற்றபடி எடுங்கள்.

ப்ளூஸ் என்றால் பி ஃப்ளாட், எஃப், இல்லையென்றால் ஈ ஃப்ளாட். பியானோவில் பி ஃப்ளாட் என்றால் டிரம்பெட்டுக்கு அது சி, ஆல்டோ சாக்ஸுக்கு ஜி. விரலுக்கு இதம். பியானோவில் சி என்றால் பியானோக்காரருக்கு வெள்ளைக் கட்டை, சுகம். ஆல்டோ சாக்ஸ் தம்பிக்கு அது ஏ, மூன்று ஷார்ப். கீபோர்டு வாசிக்கிறவர் பேண்டை நடத்தினால் இந்தப் பிழை அடிக்கடி நடக்கும். எலிங்டனின் "சி ஜாம் ப்ளூஸ்" மெலடி இரண்டே சுரம்தான். அதனாலேயே ஆரம்பப் பேண்டுகள் அதை எடுக்கின்றன. எடுப்பது சரி. ஆனால் பெயரில் சி இருக்கிறதே என்று சி-யிலேயே வாசிக்க வேண்டியதில்லை. பி ஃப்ளாட்டுக்கு மாற்றி எழுதிய அரேஞ்ச்மென்ட் இருந்தால் அதை எடுங்கள்.

4. முதல் ப்ளூஸை, பாடிக் காட்டக்கூடியதாக எடுங்கள்.

பன்னிரண்டு பார் என்பதை எல்லோரும் ஒரு நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். முதல் நாலு பார் வீட்டுக் கார்டு, ஐந்திலும் ஆறிலும் நான்காம் கார்டு, ஏழிலும் எட்டிலும் திரும்ப வீடு, ஒன்பதில் ஐந்தாம் கார்டு, பத்தில் நான்கு, கடைசி இரண்டில் வீடு. ஜாஸ்காரர்கள் ஒன்பதாம் பாரில் இரண்டாம் கார்டையும் பத்தில் ஐந்தாம் கார்டையும் வைப்பார்கள். உங்கள் அரேஞ்ச்மென்ட்டில் இவற்றில் எது இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பேஸ் ஒன்றையும் பியானோ மற்றொன்றையும் வாசித்தால் ஒன்பதாம் பாரில் ஒவ்வொரு சுற்றிலும் குழப்பம் வரும்.

பாடிக் காட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சோனி ராலின்ஸின் "சோனிமூன் ஃபார் டூ" ஒரே நாலு பார் சொல்லை மூன்று முறை சொல்வது. மில்ட் ஜாக்ஸனின் "பேக்ஸ் க்ரூவ்" கிட்டத்தட்ட அப்படித்தான். இரண்டுமே நம் பிள்ளைகள் காதில் உடனே ஏறுகின்றன; ஏனென்றால் அந்த மெலடியின் சுரங்கள் சுத்த தன்யாசி. ச, க, ம, ப, நி. நாதஸ்வரக் கச்சேரி கேட்டு வளர்ந்த ஊர்ப் பிள்ளைக்கு அந்த ஐந்து சுரத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது; இதைக் கவனமாகக் கேளுங்கள். அடியில் ஒலிக்கும் கார்டு அந்தர காந்தாரத்தை வைத்திருக்கிறது, மேலே உங்கள் மெலடி சாதாரண காந்தாரத்தை வைத்திருக்கிறது. அந்த உரசல்தான் ப்ளூஸ். அமெரிக்கத் தென்மாநிலத்துக் கறுப்பின மக்கள் பாடியபோது அந்தக் காந்தாரம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நின்றது. பியானோவில் அந்தக் கட்டை இல்லை. சாக்ஸிலும் டிரம்பெட்டிலும் உதட்டால் தொடலாம். சுத்த மத்தியமத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவில் பிரதி மத்தியமத்தை உரசிக்கொண்டு போவதும் அதே சுபாவம். ராக லட்சணம் பார்த்து அதைத் தவறு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று: நம் ஊர் சாக்ஸ் பிள்ளைகளிடம் கமகம் தானாக வரும். நல்லதுதான். கத்ரி கோபால்நாத் ஆல்டோ சாக்ஸில் கர்நாடக சங்கீதம் முழுவதையும் கொண்டுவந்தவர். 2008-இல் வந்த "கின்ஸ்மென்" தொகுப்பில் ஜாஸ் ஆல்டோ வாசிக்கும் ருத்ரேஷ் மஹந்தப்பாவோடு சேர்ந்து வாசித்தார். இரண்டு ஆல்டோவையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒருவர் சுரத்தை எங்கே அசைக்கிறார், மற்றவர் எங்கே நேராக விடுகிறார் என்று தெரியும். செக்‌ஷனாக நாலு பேர் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் ஒருவர் மட்டும் அசைத்தால் கார்டு கலைந்துபோகும். தனியாக வாசிக்கும் இடம் வரும்வரை வைத்திருங்கள்.

"ஃப்ரெடி ஃப்ரீலோடர்" பற்றியும் கேட்கிறார்கள். மைல்ஸ் டேவிஸின் 1959 "கைண்ட் ஆஃப் ப்ளூ" தொகுப்பில் இருப்பது, பி ஃப்ளாட் ப்ளூஸ். எளிமையானது, அழகானது. கடைசி இரண்டு பாரில் வீட்டுக்குத் திரும்பாமல் ஏ ஃப்ளாட் கார்டில் நிற்கும். அதை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டு எடுக்கலாம்.

5. நோட்ஸ் இல்லாமலும் ஒன்றைக் கட்டுங்கள்.

உங்களில் பாதிப் பேருக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது. பேண்டு செட்டில் ஆசான் வாசிப்பதைக் கேட்டு வாசித்துப் பழகியவர்கள். அதை நினைத்து யாரும் கூச வேண்டாம். கான்ஸஸ் சிட்டியில் பேஸி பேண்டு வளர்ந்ததே அப்படித்தான். 1937-இல் அவர்கள் ரெக்கார்டு செய்த "ஒன் ஓ'கிளாக் ஜம்ப்" காகிதத்தில் எழுதிச் செய்ததல்ல. ஒரு ப்ளூஸ், அதன் மேல் சாக்ஸ்காரர்கள் ஒரு சின்னச் சொல்லைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள், டிரம்பெட் பதில் சொல்கிறது, டிராம்போன் அடியில் வேறொன்று போடுகிறது. தலையிலேயே உருவாகிக் காதிலேயே தங்கிய அரேஞ்ச்மென்ட்.

நீங்களும் அப்படி ஒன்று செய்யுங்கள். இரண்டு பார் நீளத்துக்கு ஒரு சொல். ஐந்து சுரத்துக்கு மேல் வேண்டாம். கிளாரிநெட்டும் ஆல்டோவும் அதை வாசிக்கட்டும், டிரம்பெட் இருவரும் காலியிடத்தில் பதில் சொல்லட்டும். படிக்கத் தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே தரத்தில் நிற்கும் இடம் அது ஒன்றுதான். பிறகு அச்சிட்ட நோட்ஸில் அதே மாதிரிக் கேள்வி-பதில் வரும்போது, எல்லோருக்கும் என்ன நடக்கிறது என்று புரியும். எலிங்டனின் "இன் எ மெல்லோ டோன்" எடுத்துப் பாருங்கள். சாக்ஸ் சொல்ல, பிராஸ் பதில் சொல்லும்.

6. ஸ்விங்கைக் காகிதத்தில் தேடாதீர்கள்.

இரண்டு எட்டாம் நோட் சரிசமமாக அச்சாகியிருக்கும்; வாசிப்பது அப்படியல்ல. மேலே "ஸ்விங்" என்று ஒரு சொல் மட்டும் போட்டிருப்பார்கள். திஸ்ர நடை தெரிந்தவர்களுக்குச் சொல்கிறேன்: "தகிட" என்று சொல்லுங்கள், "த"வை "கி" வரைக்கும் நீட்டுங்கள், "ட"வை லேசாகத் தொடுங்கள். நிதானமான ஸ்விங் கிட்டத்தட்ட அங்கே இருக்கிறது. வேகம் கூடக் கூட இரண்டும் சமமாகிக்கொண்டே போகும், ஆகையால் "தகிட"வைச் சட்டமாக்கிவிடாதீர்கள். வாசிப்பதற்கு முன் எல்லோரும் வாயால் சொல்லுங்கள். கொன்னக்கோல் ஊரில் பிறந்தவர்களுக்கு இதில் வெட்கம் என்ன?

பேண்டு செட் பிள்ளைகளிடம் வேறொரு பழக்கம் இருக்கிறது. ஊர்வலத்தில் நடந்து வாசித்தவர்கள் ஒன்றிலும் மூன்றிலும் கால் ஊன்றுவார்கள். சைடு டிரம் தம்பியின் கையிலும் அழுத்தம் அங்கேதான் விழும். ஸ்விங்கில் கைதட்டல் இரண்டிலும் நான்கிலும். ஹை-ஹாட் மூடுவதும் அங்கேதான். இதை மாற்றாமல் எந்த அரேஞ்ச்மென்ட் எடுத்தாலும் அது மார்ச் ஆகத்தான் கேட்கும். ஒரு வாரம் வாத்தியத்தைத் தொடாமல், பேஸியின் ரெக்கார்டைப் போட்டுவிட்டு இரண்டிலும் நான்கிலும் தட்டிக்கொண்டு நடந்து பாருங்கள்.

சென்னையில் வாழ்ந்து 2015-இல் மறைந்த பியானோ கலைஞர் மாதவ் சாரி, ஜாஸ் ஒரு மொழி, அதன் தாளப் பேச்சு காதில் ஏறாமல் சுரத்தை மட்டும் கற்றுப் பயனில்லை என்பதில் உறுதியாக இருந்தார். எனக்கும் அதே எண்ணம்தான்.

7. நிதானமானதை எளிதானது என்று நினைக்காதீர்கள்.

நீல் ஹெஃப்டி எழுதிய "லில் டார்லின்" ஸ்கோரைப் பார்த்தால் ஆரம்பப் பேண்டுக்கே எழுதியது போலிருக்கும். உயரமான சுரம் அதிகமில்லை, கஷ்டமான விரல் இல்லை. 1958-இல் வந்த "தி அட்டாமிக் மிஸ்டர் பேஸி" தொகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஹெஃப்டி இன்னும் வேகமாகத்தான் எழுதினார், பேஸிதான் இவ்வளவு மெதுவாக்கினார் என்று சொல்வார்கள். ஒவ்வொரு கார்டும் பீட்டுக்குக் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, ஆனால் ஊதுகிற பன்னிரண்டு பேரும் ஒரே மூச்சில் சாய்ந்து வருகிறது. உங்கள் பேண்டு அதை எடுத்தால் நாலாவது பாரிலேயே வேகம் ஏறத் தொடங்கும், இல்லையென்றால் நின்றுபோகும். மூன்றாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்துக்கு நிமிடத்துக்கு 120 முதல் 144 பீட். அந்த வேகத்தில் நடக்கவும் முடியும், மூச்சு விடவும் முடியும், பக்கத்தில் இருப்பவரைக் கேட்கவும் முடியும்.

8. "டேக் ஃபைவ்" வேண்டாம், இப்போதைக்கு.

நம் பிள்ளைகளுக்கு ஐந்தும் ஏழும் தண்ணீர் பட்ட பாடு. கண்ட நடை, மிஸ்ர சாபு என்று கேட்டு வளர்ந்தவர்கள். ஆகவே 5/4 பீஸை ஒரே நாளில் எண்ணி வாசித்துவிட்டு, ஜாஸ் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். எண்ணிக்கை வந்திருக்கிறது, ஸ்விங் வரவில்லை. அந்தப் பீஸ் வந்த தொகுப்புக்கு ஒரு வருடம் முன்னால், 1958-இல், அதை வாசித்த டேவ் புரூபெக் குழு சென்னைக்கு வந்து பழநி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தது. அத்தனை பெரிய லய ஞானத்துக்கு ஈடுகொடுத்து வாசிக்க அவர்களால் முடிந்தது என்றால், அதற்கு முன் வருடக்கணக்காக நாலு பீட்டில் ஊறியிருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

9. ரிதம் செக்‌ஷன் பார்ட்டைத் திறந்து பாருங்கள்.

நல்ல அரேஞ்ச்மென்ட்டில் பேஸ் பார்ட் ஒவ்வொரு சுரமாக எழுதியிருக்கும். வெறும் கார்டு பெயர் மட்டும் இருந்தால் புதிய பேஸ்காரர் தவிப்பார். டிரம்ஸ் பார்ட்டில் பிராஸ் எங்கே உதைக்கிறது என்பது மேலே சின்ன எழுத்தில் குறித்திருக்க வேண்டும். பியானோ பார்ட்டில் கார்டை எப்படிப் பிடிப்பது என்று எழுதியிருக்க வேண்டும்.

கிதார் தம்பிக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: ஃப்ரெடி கிரீன். 1937-இல் பேஸி பேண்டில் சேர்ந்தார், 1987-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். ஆம்ப்ளிஃபையர் இல்லாத கிதார், பாருக்கு நாலு அடி, ஐம்பது வருடம். அந்த நாலு அடி மேல்தான் முழுப் பேண்டும் உட்கார்ந்திருந்தது. சோலோ கிடைக்கவில்லையே என்று முகம் வாடுகிற பிள்ளைகள் அவரைக் கேளுங்கள்.

கீபோர்டில் இருக்கிற ஆட்டோ ரிதத்தை அணைத்துவிடுங்கள். அது யாரையும் கேட்காது. பேஸ் வாசிக்க ஆள் இருந்தால் கீபோர்டுக்காரரின் இடது கை சும்மா இருக்கட்டும்.

10. சோலோவை எல்லோருக்கும் பங்கு போடுங்கள்.

எழுதிய சோலோ ஒன்றும் கார்டு பெயரும் சேர்த்துக் கொடுத்திருக்கும் நோட்ஸ் தேர்ந்தெடுங்கள். பயப்படுகிற பிள்ளை எழுதியதை வாசிக்கட்டும். துணிந்தவர் ஒரே ஒரு சுற்று, பன்னிரண்டு பார், சுத்த தன்யாசியில் நடக்கட்டும். ஒருவரே நாலு சுற்று வாசித்து மற்றவர்கள் கைகட்டி நிற்கும் பேண்டில் யாரும் நீடிப்பதில்லை.

11. நம் பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜாஸ் நமக்கு வேற்றூர்ச் சரக்கு என்று யாராவது சொன்னால் "கலைக்கோவில்" படத்துப் பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். 1964. விஸ்வநாதன்-ராமமூர்த்தி இசையில் எல்.ஆர். ஈஸ்வரி பாடிய "வரவேண்டும் ஒரு பொழுது". "இருவர்" படத்தில் 1997-இல் ஏ.ஆர். ரஹ்மான் போட்ட "ஹலோ மிஸ்டர் எதிர்க்கட்சி" ஸ்விங்கிலேயே நடக்கிறது, ஹரிணி பாடியது. இந்த இரண்டில் ஒன்றை ஊர் மேடையில் வாசித்தால், முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் நிமிர்ந்து கேட்பார். கேட்பவர்கள் நமக்கு வேண்டும்.

உங்களில் ஒருவர் காதால் கேட்டு எழுதட்டும். மெலடியை ஆல்டோவுக்கோ கிளாரிநெட்டுக்கோ கொடுங்கள், இடையிசையைப் பிராஸுக்கு. சினிமா ரெக்கார்டில் இருப்பதையெல்லாம் திணிக்க வேண்டாம். அச்சிட்டு விற்க நினைத்தால் உரிமையாளர் அனுமதி வாங்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

12. மலைக்குளிரையும் கரண்ட்டையும் கணக்கில் வையுங்கள்.

மார்கழிக் காலையில் குண்டனி நாட்டில் டிரம்பெட்டை எடுத்து ஊதினால் சுருதி இறங்கியே நிற்கும். குழாய்க்குள் இருக்கும் காற்று குளிர்ந்திருக்கிறது. கீபோர்டு குளிரைப் பற்றிக் கவலைப்படாமல் 440-இலேயே நிற்கும். சுருதி சேர்க்கும் முன் பத்து நிமிடம் வாத்தியத்துக்குள் மெதுவாகக் காற்று விட்டுச் சூடேற்றுங்கள். நீண்ட கார்டோடு தொடங்கும் அரேஞ்ச்மென்ட்டைத் திறந்தவெளி மேடையில் முதல் உருப்படியாக வைக்காதீர்கள். டிரம்ஸும் பேஸும் தொடங்கிப் பிறகு மற்றவர் சேருகிற ப்ளூஸை வையுங்கள். கரண்ட் போனாலும் வாசிக்கக்கூடியது ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும்.

13. நோட்ஸை விலைக்கு வாங்குங்கள். ஜெராக்ஸ் எடுத்ததை ஜெராக்ஸ் எடுத்தால் கோடும் தெரியாது, ஃப்ளாட்டும் தெரியாது. எழுதியவருக்குக் கூலியும் போகாது. லிங்கன் சென்டரின் ஜாஸ் அமைப்பு 1995 முதல் நடத்தும் "எசென்ஷியலி எலிங்டன்" திட்டம் எலிங்டனின் ஸ்கோர்களைப் பள்ளிக்கூடப் பேண்டுகளுக்குக் கொண்டுசேர்க்கிறது. அவை கொஞ்சம் கடினம்தான். வாசிக்க முடியாவிட்டாலும் ரெக்கார்டைப் போட்டுக்கொண்டு ஸ்கோரில் விரல் வைத்துப் பின்தொடருங்கள்.

14. முதல் கச்சேரிக்கு ஐந்து உருப்படி போதும். இரண்டு ப்ளூஸ், வேறு வேறு வேகத்தில். "டேக் தி ஏ டிரெய்ன்" மாதிரி 32 பார் ஸ்விங் ஒன்று. நீங்களே காதால் கட்டியது ஒன்று. ஒரு தமிழ்ப் பாட்டு. எதை எடுத்தாலும் இரண்டாவது ரிஹர்சலில் தலைமுதல் கடைசிவரை, தப்போடாவது, நிற்காமல் போக முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அது இந்த வருடத்துப் பீஸ் இல்லை. பார்ட்டுகளைச் சேகரித்து, வட்டம் போட்ட பென்சில் குறியோடு கவரில் போட்டுத் தேதி எழுதி வைத்துவிட்டு, அடுத்ததை எடுங்கள்.